வரைந்த கையே விற்கும் கை: ஓவியர் கடைக்கு வயது 500

ஓவியன் வரைந்தால் போதும், விற்பது வணிகனின் வேலை என்று சொல்வோர் ஒரு பக்கம். விற்கத் தெரியாதவன் வரைந்து என்ன பயன் என்று கேட்போர் மறுபக்கம். இணையம் வந்த பிறகு இந்த வழக்கு சூடு பிடித்துவிட்டது. கலைக்கூடத்தின் கதவைத் தட்டாமல், தரகர் யாரையும் தேடாமல், படுக்கையறையில் வரைந்த படத்தைப் பாரிஸில் இருப்பவருக்கு விற்க முடிகிறது. இது கலையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?

வழக்கு என்று வந்துவிட்டால் சாட்சி வேண்டும். நல்ல சாட்சி வரலாறுதான். ஓவியர் தம் படத்தைத் தாமே விற்பது இணையம் கண்டுபிடித்த புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதற்கு வயது 500 ஆண்டுக்கு மேல். அந்த 500 ஆண்டிலும் ஒரே சண்டைதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. படம் யாருடையது? வாங்குபவரிடம் போகும் வழி யாருடையது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துகொண்ட ஓவியர்கள் வளர்ந்தார்கள். தெரியாதவர்கள் புகழ் பெற்றும் இழந்தார்கள்.

சந்தையில் நின்ற மனைவி

முதல் சாட்சி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர். 1471-இல் பிறந்தவர். அக்காலத்தில் ஓவியர் என்றால், திருச்சபையோ செல்வரோ ஆணையிடுவதை வரைந்து கொடுக்கும் கைவினைஞர். ஆணை வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி. டியூரர் வேறு வழி பார்த்தார். மரப்பலகையில் செதுக்கியும் செப்புத் தகட்டில் கீறியும் தாளில் அச்சிட்டால், ஒரே படத்தை நூற்றுக்கணக்கில் விற்கலாம் அல்லவா?

1498-இல், உலக முடிவைக் காட்டும் 15 மரச்செதுக்குப் படங்களை நூலாக்கி, தாமே பதிப்பாளராக நின்று வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டே, ஊர் ஊராகச் சென்று தம் படங்களை விற்க ஓர் ஆளை ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்தார். அவர் வெனிஸ் நகரில் இருந்த காலத்தில் மனைவி ஆக்னெஸ் பிராங்க்பர்ட் சந்தைக்குப் படங்களைக் கொண்டுபோய் விற்றார். தாயார் உள்ளூர்ச் சந்தையில் விற்றார். கணவர் வரைய, மனைவி விற்க, குடும்பமே கடையாக நின்றது. இன்று இணையக் கடை நடத்தும் பல ஓவியர் வீடுகளில் நடப்பதும் இதுதான்.

இதனால் கலை கெட்டதா? யாகோப் ஹெல்லர் என்ற வணிகருக்காக ஒரு பெரிய பலிபீட ஓவியத்தை டியூரர் மிகுந்த உழைப்போடு வரைந்தார். கூலி கட்டுப்படியாகவில்லை. 1509-இல் அவருக்கு எழுதிய மடலில், இந்த நேரத்தைச் செப்புத்தகட்டுக்குச் செலவிட்டிருந்தால் இன்று 1,000 புளோரின் கூடுதலாகக் கையில் இருந்திருக்கும் என்று வருந்தினார். பிறகு அதைச் செய்தும் காட்டினார். 1513, 1514 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று செப்புத்தகட்டுப் படங்கள் இன்றும் அவருடைய உச்சம் என்று போற்றப்படுகின்றன. யாரும் ஆணையிடாமல் தம் மனம் சொன்னதை வரைவதற்கான துணிவை அச்சுப் படம் தந்தது.

ஆனால் விற்பனை வந்ததும் திருட்டும் வந்தது. மார்க்கன்டோனியோ ரைமோண்டி என்ற இத்தாலியர் டியூரரின் படங்களைப் பார்த்துச் செதுக்கி விற்றார். டியூரரின் முதலெழுத்து முத்திரையையும் சேர்த்தே போட்டார். டியூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டார் என்று அந்நூற்றாண்டில் கலைஞர் வரலாறு எழுதிய வசாரி குறிப்பிடுகிறார். கிடைத்த தீர்ப்பு விசித்திரமானது. முத்திரையைப் போடக்கூடாது; படத்தைப் போலச் செய்யலாம்! ஓவியரின் பெயருக்குக் காவல் கிடைத்தது, படத்துக்குக் கிடைக்கவில்லை.

பெயரைக் கடந்து உரிமை

படத்துக்குக் காவல் கிடைக்க இன்னும் 200 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதை வாங்கித் தந்தவர் இரண்டாவது சாட்சி, லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த். 1697-இல் பிறந்தவர். வெள்ளிப் பாத்திரத்தில் சித்திரம் கீறும் பட்டறையில் தொழில் பயின்றவர்.

1732-இல், நாட்டுப்புறத்திலிருந்து லண்டனுக்கு வந்து சீரழியும் ஒரு பெண்ணின் கதையை 6 படங்களாக வெளியிட்டார். கடைக்காரரிடம் கொடுக்கவில்லை. விரும்புவோர் முன்பணம் கட்டிப் பெயரைப் பதிவு செய்யலாம் என்று விளம்பரம் செய்தார். இன்று இணையத்தில் முன்கூட்டியே பணம் திரட்டிப் படைப்பை வெளியிடுகிறார்களே, அதன் முன்னோடி அதுவே. ஒரு தொகுதி ஒரு கினி. 1,200 பேருக்கு மேல் வாங்கினார்கள். கூடவே கள்ள அச்சுகளும் கடைகளில் குவிந்தன.

ஹோகார்த் சும்மா இருக்கவில்லை. சக ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு நாடாளுமன்றத்தை நாடினார். 1735-இல் செப்புத்தகட்டு ஓவியர்களுக்குப் பதிப்புரிமை தரும் சட்டம் நிறைவேறியது. 14 ஆண்டுகள் பாதுகாப்பு. அதை ஹோகார்த் சட்டம் என்றே இன்றும் அழைக்கிறார்கள். அடுத்த படத்தொடர் தயாராக இருந்தும், சட்டம் நடப்புக்கு வரும் நாள்வரை வெளியிடாமல் காத்திருந்தார். அதற்குள் கள்ள அச்சுக்காரர்கள் ஆட்களை அனுப்பி, ஓவியங்களைப் பார்த்து வரச் சொல்லி, நினைவிலிருந்தே போலிகளைச் செய்துவிட்டார்கள்! அவரோ, ஏழைகளும் வாங்கும்படி சிறிய மலிவுப் பதிப்புக்குத் தாமே இசைவு கொடுத்துப் போலிகளின் விலையை உடைத்தார்.

இவர் கதையில் தோல்வியும் உண்டு. அதை மறைக்கக்கூடாது. அச்சுப் படம் வாங்க மக்கள் வந்தார்கள். மூல ஓவியம் வாங்கப் பெருஞ்செல்வர்கள் வரவில்லை. 1751-இல், செல்வர் வீட்டுத் திருமணங்களைக் கேலி செய்யும் 6 எண்ணெய் வண்ண ஓவியங்களை, தரகர் எவரும் கலந்துகொள்ளக்கூடாது என்ற நிபந்தனையோடு தாமே ஏலம் விட்டார். சட்டகங்களுக்கே தலா 4 கினி செலவிட்டிருந்தார். ஏல நாளில் வாங்க வந்தவர் ஒரே ஒருவர். ஆறு ஓவியங்களும் சேர்ந்து 120 கினிக்குப் போயின. இன்று அவை லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் பெருமைகளுள் அடக்கம்.

தரகரை ஒதுக்கினால் அவருடைய பங்கு மிஞ்சும். அவர் அழைத்து வரும் கூட்டம் மிஞ்சாது. கூட்டத்தை ஓவியரே சேர்க்க வேண்டும். இணையத்தில் கடை திறந்துவிட்டு, ஏன் யாரும் வரவில்லை என்று ஏங்குவோர் இந்த 1751-ஆம் ஆண்டு ஏலத்தை நினைத்துக்கொள்ளலாம்.

பூசை அறை வரை வந்த படம்

மூன்றாவது சாட்சி நமக்கு மிக நெருக்கமானவர். தாமரை மேல் நிற்கும் இலக்குமி, வீணை ஏந்திய சரசுவதி ஆகிய படங்களைப் பார்க்காத தமிழர் வீடு ஏது? அந்த உருவங்களை வீட்டுக்கு வீடு கொண்டுவந்ததில் பெரும் பங்கு, திருவாங்கூர் நாட்டின் கிளிமானூரில் 1848-இல் பிறந்த ராஜா ரவிவர்மாவுக்கு உரியது.

அவர் மன்னர்களின் ஓவியர். ஒரு படம், ஓர் அரண்மனை, ஒரு முறை விற்பனை. அதைப் பார்க்கும் கண்களும் அரண்மனைக் கண்கள்தாம். திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த கும்பகோணத்துக்காரர் சர் டி. மாதவராவ், படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் எடுத்தால் நாடே பயன்பெறும் என்று அவருக்கு 1880-களில் யோசனை சொன்னார். ரவிவர்மா அதற்கும் ஒருபடி மேலே போனார். 1894-இல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்பரும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என்று பல கற்களில் அச்சிட்டு, எண்ணெய் ஓவியம் போலப் பளபளக்கச் செய்யும் முறை அது. முதலில் வந்த படம் சகுந்தலையின் பிறப்பு. கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாத மக்களும் சில காசு கொடுத்துக் கடவுளை வீட்டுக்கு அழைத்துவர முடிந்தது. ஓவியம் செய்த சமூகப் புரட்சி என்று இதைச் சொல்வது மிகையாகாது.

கலை வென்றது. கடை வென்றதா? இல்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அச்சகம் லோனாவாலா அருகிலுள்ள மலவ்லிக்கு மாறியது. கடன் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகத்தை, அங்கே தொழில்நுட்பராக இருந்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் விற்க வேண்டியதாயிற்று. படங்களை அச்சிடும் உரிமையும் அதோடு போயிற்று. ரவிவர்மா 1906-இல் மறைந்தார். அச்சகம் பல்லாண்டு ஓடியது. அவர் வரைந்த தெய்வங்கள் விளம்பரங்களிலும் தீப்பெட்டி ஒட்டுகளிலும் குடியேறின.

வரைவது ஒரு தொழில், அச்சகம் நடத்துவது இன்னொரு தொழில் என்பதுதான் அவர் கதை சொல்லும் பாடம். தொழிலை விற்க நேரலாம். படத்தின் உரிமையையும் சேர்த்து விற்கும் நாளில் ஓவியர் தம் படத்துக்கே அந்நியர் ஆகிவிடுகிறார்.

மெழுகும் சாயமும்

நான்காவது சாட்சியம் பினாங்கிலும் சென்னையிலும் ஒருங்கே கிடைக்கிறது. இரண்டையும் இணைக்கும் பொருள், நம் வட்டாரத்துக்கே உரிய பாத்தேக்.

சீனாவில் பிறந்து பினாங்கில் குடியேறிய சுவா தியான் தெங், ஓவியம் பயின்றவர். பிழைப்புக்குப் பாத்தேக் துணித் தொழில் நடத்தினார். போருக்குப் பிறகு தொழில் நொடித்தது. கையில் மிஞ்சியவை மெழுகும் சாயமும். கைலிக்குப் போட்ட அதே மெழுகைக் கொண்டு, 1950-களில், மீனவரையும் தாய் சேயையும் கம்பத்து வாழ்க்கையையும் ஓவியமாக வரையத் தொடங்கினார். பாத்தேக் ஓவியம் என்ற கலைவகைக்கு முன்னோடி என்று உலகம் அவரைப் போற்றியது. யுனிசெஃப் அமைப்பு 1968-இல் அவருடைய ஓவியத்தை வாழ்த்து அட்டையாக வெளியிட்டது. 2008-இல் மறையும் வரை அவர் பெயரைத் தாங்கி நின்றது குடும்பமே நடத்திய கலைக்கூடம். பிழைப்புக்காகக் கற்ற கைத்தொழிலே அவருக்குக் கலைமொழி ஆயிற்று.

சென்னையில் நடந்தது வேறு வகை. அரசு ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் ஒரு கவலையோடு இருந்தார். நல்ல மாணவர்கள் படித்து வெளியேறுகிறார்கள். ஓவியம் சோறு போடாததால் வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்துவிடுகிறார்கள். வழி என்ன? ஓவியர்கள் கூடிப் பாத்தேக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்த வருவாயில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. பகலில் சில மணி நேரம் கைவினை, அது வயிற்றுக்கு. எஞ்சிய நேரம் ஓவியம், அது உள்ளத்துக்கு. ஜே. சுல்தான் அலி, எஸ். நந்தகோபால் போன்றோர் அங்கிருந்து புகழ்பெற்றனர். கிராமம் இன்றும் இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. விற்பதற்கு ஒன்றைச் செய்தார்கள். வளர்வதற்கு இன்னொன்றைச் செய்தார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. சந்தை எதைக் கேட்கிறதோ அதை மட்டுமே வரைந்தால், பத்தாண்டு கழித்தும் அதே படத்தைத்தான் வரைந்துகொண்டிருக்க வேண்டும். சந்தையை அறவே ஒதுக்கினால் பத்தாவது மாதமே தூரிகையைக் கீழே வைக்க நேரும். பணிக்கரின் தோழர்கள் இரண்டுக்கும் நடுவே வரப்புக் கட்டினார்கள்.

நாளுக்கு ஒரு படம்

1995-இல் அமெரிக்காவில் இணைய ஏலத்தளம் ஒன்று தோன்றியது. பின்னாளில் இபே என்று பெயர் பெற்றது. 2000-இல் டீவியன்ட்ஆர்ட், 2005-இல் எட்சி, 2010-இல் இன்ஸ்டாகிராம் என்று வரிசையாக வந்தன. டியூரரின் சந்தை, ஹோகார்த்தின் முன்பணப் பட்டியல், ரவிவர்மாவின் அச்சகம் ஆகிய மூன்றும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன.

இதை முதலில் நன்கு பயன்படுத்தியவர்களுள் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்து டுவேன் கீசர் ஒருவர். 2004 டிசம்பரில் நாளுக்கு ஒரு சிறு ஓவியம் என்று சபதம் எடுத்தார். அஞ்சலட்டை அளவு. பழம், கோப்பை, சன்னல் வெளிச்சம் என்று கண்ணில் படுவதை வரைந்து, அன்றே இணையத்தில் ஏற்றி, 100 டாலர் அளவில் விற்கத் தொடங்கினார். பிறகு ஏலத்துக்கு மாறினார். அவரைப் பின்பற்றி நாளொரு படம் வரையும் ஓவியர் கூட்டமே உருவானது. விலை சிறியது, ஆகவே வாங்குவோருக்குத் தயக்கம் இல்லை. படம் சிறியது, ஆகவே தவறினாலும் நட்டம் ஒரு நாள்தான். விற்பனையே பயிற்சியாகவும் ஆயிற்று.

ஆனால் புதிய சந்தைக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. எட்சி தொடங்கிய காலத்தில் விற்பனைக் கழிவு 3.5 விழுக்காடு. 2018-இல் 5 ஆயிற்று. 2022 ஏப்ரலில் 6.5 ஆயிற்று. விற்பனையாளர்கள் ஆயிரக்கணக்கில் ஒரு வாரம் கடையடைப்புச் செய்தார்கள், கழிவு குறையவில்லை. 2016-இல் இன்ஸ்டாகிராம், படங்களை வந்த வரிசையில் காட்டுவதை விட்டு, கணினி தேர்ந்தெடுக்கும் வரிசைக்கு மாறியது. பின்தொடர்வோர் பல்லாயிரம் இருந்தாலும் படம் யார் கண்ணில் படும் என்பது ஓவியர் கையில் இல்லாமல் போயிற்று. தரகர் போய்விட்டார் என்று மகிழ்ந்தவர்களுக்கு, முகம் தெரியாத தரகர் வந்திருப்பது பிறகுதான் தெரிந்தது.

சிங்கப்பூர் வரை வந்த ஏலம்

பீப்பிள் என்ற பெயரில் வரையும் மைக் விங்கிள்மன், 2007 மே 1 முதல் ஒரு நாளும் தவறாமல் ஒரு படம் வரைந்து இணையத்தில் இட்டார். 2020 அக்டோபர் வரை 100 டாலருக்கு மேல் ஒரு படத்தையும் விற்றதில்லை என்று அவரே கூறியிருக்கிறார். முதல் 5,000 நாள் படங்களை ஒன்றாக்கிய மின்வழிப் படைப்பு, 2021 மார்ச் 11-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6 கோடியே 93 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. ஏலம் தொடங்கிய விலை வெறும் 100 டாலர். வாங்கியவர் சிங்கப்பூரில் வாழும் தமிழர் விக்னேஷ் சுந்தரேசன்.

உலகமே வியந்தது. பல்லாயிரம் இளையர் அந்தச் சந்தைக்குள் குதித்தார்கள். 2022-இல் சந்தை சரிந்தது. மறுவிற்பனை நடக்கும்போதெல்லாம் ஓவியருக்குப் பங்கு கிடைக்கும் என்ற உறுதிமொழியும் ஆட்டம் கண்டது. 2023 ஆகஸ்டில், இந்த வணிகத்தின் முன்னணித் தளமான ஓப்பன்சீ, அந்தப் பங்கைக் கொடுப்பதும் கொடுக்காததும் விற்பவர் விருப்பம் என்று மாற்றப்போவதாக அறிவித்தது. சட்டம் தராத உரிமை, கடைக்காரர் மனம் மாறினால் காற்றில் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விலையைப் பார்த்தவர்கள், அதற்கு முன் கழிந்த 13 ஆண்டுத் தினப்பயிற்சியைப் பார்க்கத் தவறினார்கள் என்பது வேறு கதை.

2022-இல் சொல்லைக் கேட்டுப் படம் வரையும் செயற்கை நுண்ணறிவு பொதுமக்கள் கைக்கு வந்தது. இணையத்தில் இருந்த கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு அதைப் பயிற்றுவித்திருந்தார்கள். தங்களைக் கேளாமல் தங்கள் படங்களைப் பயன்படுத்தினார்கள் என்று 2023 ஜனவரியில் மூன்று ஓவியர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஓவியரின் பாணியையே படியெடுக்கலாமா என்ற கேள்வியோடு, வெனிஸில் டியூரர் தொடங்கிய வழக்கு மறுபிறவி எடுத்து வந்துள்ளது.

நம் ஊர்ச் சட்டம் சொல்வது

இத்தனை சாட்சியத்திலிருந்து நம் பிள்ளைகளுக்கு எதை எடுத்துச் சொல்வது?

முதலில் உரிமை. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓவியருக்குப் பதிப்புரிமை வாழ்நாள் முழுவதும், பின் 50 ஆண்டுகள். சிங்கப்பூரில் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும். ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி வரையச் செய்யும் படத்தில் எச்சரிக்கை தேவை. வேறு உடன்பாடு இல்லையென்றால், மலேசியாவில் அதன் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்குப் போய்விடும். சிங்கப்பூரிலோ 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டம், உருவப்படம் போன்றவற்றில் உரிமையைப் படைத்தவரிடமே நிறுத்துகிறது. கோசவேயின் இக்கரையில் ஒரு நீதி, அக்கரையில் ஒரு நீதி. இரு கரையிலும் காப்பது ஒரே பொருள்: எழுதி வாங்கிக்கொள்ளும் ஒரு பக்க ஒப்பந்தம். மலேசிய ஓவியர்கள் தம் படைப்பை அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஇப்போவில் பதிவு செய்துகொள்ளவும் 2012 முதல் வழி இருக்கிறது.

அடுத்தது வாங்குபவரின் முகவரி. ஹோகார்த்திடம் 1,200 பெயர்கள் கொண்ட பட்டியல் இருந்தது. அதுவே அவருடைய செல்வம். இணையத் தளத்தில் விற்கலாம், தவறில்லை. ஆனால் வாங்கியவரின் இசைவோடு அவருடைய மின்னஞ்சலைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் சேர்த்துவைப்பவரே நாளை கழிவு ஏறினாலும், தளமே மூடினாலும் தாங்கி நிற்பார்.

கடைசியாக நேரம். சோழமண்டலத்தார் கட்டிய வரப்பை ஒவ்வோர் ஓவியரும் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். விற்கும் படத்துக்குச் சில நாள். யாரும் கேட்காத, இன்னும் கைவராத படத்துக்குச் சில நாள். அந்தச் சில நாள்தான் வளர்ச்சி.

ஆகவே ஓவியர் விற்கக்கூடாது என்ற கட்சிக்கு வரலாற்றில் சாட்சி இல்லை. எதையும் விற்கலாம் என்ற கட்சிக்கும் இல்லை. படத்தை விற்கலாம், படியை விற்கலாம். உரிமையையும் கற்கும் நேரத்தையும் விற்கக்கூடாது. 500 ஆண்டுச் சாட்சியம் சொல்லும் தீர்ப்பு இவ்வளவுதான்.